ஆம்பளைச் சீக்கு

வைரக்கண்ணுவின் இடுப்புவலி உழவால் வந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். தா.பழூருக்குத் தெற்கே, கொள்ளிடக் கரையை ஒட்டி அவருக்கு மூன்று ஏக்கர் நிலம். அறுபத்திரண்டு வயதிலும் டிராக்டர்க்காரனுக்குக் காத்திருக்காமல் சொந்த மாட்டைப் பூட்டி உழுகிறவர். 2003ஆம் வருஷம் ஆற்றில் தண்ணீரே இல்லை. போர் மோட்டாரை நம்பி நாற்றங்கால் விட்டிருந்தார். அப்போது பிடித்த வலி.

மனைவி கிருஷ்ணம்மாள் தைலம் தேய்த்தாள், தவிட்டு ஒத்தடம் கொடுத்தாள். வலி இறங்கவில்லை. ஒன்றுக்குப் போக அடிக்கடி எழுந்து போய், வெகுநேரம் நின்றுவிட்டு வருவதை அவர் அவளிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. வயசானால் அப்படித்தான் என்று இரண்டு பேரும் தனித்தனியாக நினைத்துக்கொண்டார்கள்.

அதைக் கண்டுபிடித்தது மாப்பிள்ளை. ஒரே மகள் பரிமளாவை ஆலத்தியூரில் கொடுத்திருந்தார்கள். மருமகன் முத்தமிழ்செல்வன் அங்கே சிமெண்ட் ஆலையில் எலக்ட்ரீஷியன். ஆடிப்பெருக்குக்கு வந்திருந்தபோது, கொல்லையில் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்தபடி மாமனார் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தான். கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அந்த இரண்டு பேரும் மழையைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் தவிர வேறெதுவும் பேசியதில்லை. அன்று செல்வன், "மாமா, நாளைக்குத் தஞ்சாவூரு போறோம். சட்டை எடுத்து வைங்க" என்றான். வைரக்கண்ணு மறுக்கவில்லை. அதிலேயே கிருஷ்ணம்மாளுக்கு பயம் வந்துவிட்டது.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். பின்பக்கமாக ஊசி விட்டுச் சதை எடுத்தார்கள். அந்த அறையிலிருந்து வெளியே வந்தவர் யார் முகத்தையும் பார்க்காமல் போய் பெஞ்சில் உட்கார்ந்தார். எலும்புக்கு ஒரு படம் எடுத்தார்கள். எல்லா முடிவும் வந்த நாளில் நர்ஸ் கதவைத் திறந்து, "கூட ஆம்பளைங்க யாராச்சும் வந்திருந்தா உள்ள வாங்க" என்றாள். செல்வன் எழுந்தான். கிருஷ்ணம்மாளும் எழுந்தாள்.

"நீங்க உக்காருங்கம்மா."

அவள் உட்கார்ந்தாள். பக்கத்தில் வைரக்கண்ணு எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த குழந்தைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். செல்வன் வெளியே வந்தபோது கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"என்ன மாப்ள சொன்னாங்க?"

"ஒண்ணுமில்லீங்க அத்தை. நீர்ப்பைகிட்ட ஒரு கட்டி. பாத்துக்கலாம்."

கும்பகோணம் வந்து, அணைக்கரை வழியாக ஊர் வந்து சேரும்வரை வைரக்கண்ணு ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். மணலாகக் கிடந்த ஆற்றைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலை மாமனாரும் மருமகனும் மோட்டார் கொட்டகைக்குப் போனார்கள். கிருஷ்ணம்மாள் சொம்பில் டீ எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்தாள். கொட்டகைக்குப் பின்புறம் வரும்போதே குரல் கேட்டது.

"சொல்லுங்க மாப்ள. லீவு போட்டுட்டு நிக்கிறீங்க. ஏதோ இருக்கு."

"கேன்சர்ங்க மாமா."

தண்ணீரை வாரி முகத்தில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"சரி."

"ஆம்பளைங்களுக்கு நீர்ப்பைக்குக் கீழ ஒரு சுரப்பி இருக்காம். அதுல ஆரம்பிச்சு எலும்புக்குப் போயிடுச்சாம். இடுப்பு வலிக்கிறது அதனாலதானாம். முழுசா எடுக்க முடியாதுங்கிறாங்க. ஆனா அடக்கி வெக்கலாமாம்."

"எப்படி?"

"ஆம்பளைக்குன்னு உடம்புல ஒரு சத்து ஊறுதில்லீங்களா, அதைத் தின்னுதான் கட்டி வளருதாம். அதை நிறுத்திட்டா கட்டி சுருங்கிடுமாம். அதுக்கு ஊசி இருக்கு. ஆனா ஆயுசுக்கும் போடணும், அந்த வெலை நம்மால ஆவாதுங்க. இல்லைன்னா ஒரு ஆபரேஷன்." செல்வன் நிறுத்தினான். "ரெண்டு விதையையும் எடுத்துடுவாங்களாம்."

"காயடிக்கணும்ங்கிறாங்க" என்றார் வைரக்கண்ணு.

"மாமா..."

"எத்தனை காளைக்கு நானே காலப் புடிச்சிருக்கேன் தெரியுங்களா மாப்ள? நாலு பேரு சேந்து கீழ தள்ளி, கட்டிப்போட்டு, கிட்டி வெச்சு நசுக்குவாங்க. அது ஒரு கத்து கத்தும் பாருங்க. எந்திரிச்சா அது எருது. காளை இல்ல. அதுக்கப்புறம் ஏர்ல பூட்டுனா பேசாம நடக்கும்."

கிருஷ்ணம்மாள் சொம்போடு நின்றாள். திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தாள். அதற்குள் செல்வன் அவளைப் பார்த்துவிட்டான். அவன் முகம் கன்றிப்போனது. அவள் ஒன்றும் கேட்காததுபோல முன்னால் வந்து, இரண்டு டம்ளரிலும் டீயை ஊற்றினாள். ஆண்கள் இரண்டு பேரும் அவளைப் பார்க்காமலே குடித்து முடித்தார்கள்.

வைரக்கண்ணு ஆபரேஷன் வேண்டாம் என்றார். இருக்கிறவரை இருந்துவிட்டுப் போகிறேன் என்றார். பரிமளா கைப்பிள்ளையோடு வந்து அப்பாவின் காலடியில் உட்கார்ந்து அழுதாள். எந்த ஆபரேஷன் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. "ஒத்துக்குங்கப்பா, ஒத்துக்குங்கப்பா" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். மகளிடம் அவர் என்ன சொல்ல முடியும்? பேரனைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோன ஒரு மத்தியானம் கிருஷ்ணம்மாளுக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது.

"யாருக்குங்க அதை வெச்சிருக்கீங்க?"

கை கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். அவர்கள் ஒன்றாகப் படுத்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. அவள் அதைச் சொல்ல நினைக்கவில்லை. போகாதீர்கள், என்னை விட்டுப் போகாதீர்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது இதுதான். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போனார். அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள எந்த வழியும் அவளுக்குத் தெரியவில்லை.

கடைசியில் அவரைச் சம்மதிக்க வைத்தது யாருடைய பேச்சும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு நீர் அடியோடு நின்றுபோனது. காலையிலிருந்து ஒரு சொட்டு இறங்கவில்லை. அடிவயிறு கல்லாகிப் புடைத்துக்கொண்டது. பங்காளி ராசாங்கத்தின் டிராக்டரில் வைக்கோலைப் பரப்பிப் படுக்க வைத்து ஜெயங்கொண்டத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் கத்தினார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சத்தத்தைக் கிருஷ்ணம்மாள் கேட்டதே இல்லை. அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "தோ வந்துடுச்சு, தோ வந்துடுச்சு" என்றாள். ஜெயங்கொண்டம் இன்னும் வெகுதூரம் இருந்தது.

ஆஸ்பத்திரியில் ரப்பர் குழாய் போட்டு நீரை இறக்கினார்கள். செய்தி கேட்டு செல்வன் மோட்டார்சைக்கிளில் வந்து சேர்ந்தபோது, வைரக்கண்ணு கட்டிலில் பிழிந்துபோட்ட துணிபோலக் கிடந்தார்.

"என்ன வேணா பண்ணச் சொல்லுங்க மாப்ள" என்றார். பிறகு அவன் கையைப் பிடித்தார். அதுவரை அவர் அவனைத் தொட்டதில்லை. "ஊருக்கு நீர்க்கட்டின்னு சொல்லிடுங்க."

"சரிங்க மாமா."

புரட்டாசியில் ஆபரேஷன் நடந்தது. ஒரு வாரத்தில் இடுப்புவலி மாயமாகப் போய்விட்டது. கிருஷ்ணம்மாளால் நம்பவே முடியவில்லை. மாரியம்மனுக்கு மாவிளக்குப் போட்டாள். வைரக்கண்ணு வயலுக்குப் போனார், வரப்பு வெட்டினார், மாட்டைக் குளிப்பாட்டினார். பார்ப்பவர்கள் எல்லாம் பழைய ஆளாகிவிட்டார் என்றார்கள்.

வீட்டுக்குள் அவர் பழைய ஆள் இல்லை. குளிக்கும்போது முதுகு தேய்க்க அவளைக் கூப்பிடுவது அவர் வழக்கம், அதை நிறுத்திவிட்டார். தட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு குளித்தார். வேட்டியைத் தானே துவைத்துக்கொண்டார். டீக்கடைக்குப் போவதை விட்டார். "என்னைப் பாத்து எவனோ சிரிக்கிற மாரியே இருக்கு" என்று ஒருமுறை சொன்னார். யாரும் சிரிக்கவில்லை, யாருக்கும் தெரியாது என்று அவள் சொன்னபோது, "உனக்குத் தெரியுதுல்ல" என்றார். அன்று மோட்டார் கொட்டகைக்குப் போகாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தாள்.

இன்னொன்றும் நடந்தது. அவர் அழத் தொடங்கினார். அப்பா செத்தபோதுகூட அழாத மனிதர், கன்று பால் குடிப்பதைப் பார்த்துக் கண் கலங்கினார். டிவியில் யாரோ யாரையோ வழியனுப்பினால் எழுந்து வெளியே போனார். அவள் பின்னால் போய் நின்றால், "தூசு" என்றார். அவள் எதுவும் கேட்காமல் திரும்பி வந்துவிடுவாள். கேட்டால் மேலும் அழுவாரோ, கேட்காவிட்டால் உடைந்துபோவாரோ என்று அவளுக்குப் புரியவில்லை.

தை மாதம் உடையார்பாளையத்தில் ஒரு கல்யாணம். ராசாங்கத்தின் மகளுக்கு. போகாமல் இருக்க முடியாது. மண்டபத்தில் தாலி கட்டி முடித்து, பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். கிருஷ்ணம்மாள் எதிர் வரிசையில் பெண்களோடு இருந்தாள். சாம்பார் ஊற்றிக்கொண்டு வந்தவன் வைரக்கண்ணுவின் எதிரே நின்றுவிட்டான். அவர் முகம் செக்கச்செவேலென்று ஆகியிருந்தது. நெற்றியிலிருந்தும் கழுத்திலிருந்தும் வேர்வை கொட்டியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளைச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. தை மாதக் குளிர், யாருக்கும் வேர்க்கவில்லை.

"என்னண்ணே, நெஞ்சு வலிக்குதா? ஏய், ஃபேன போடுப்பா. ஆட்டோவக் கூப்பிடு" என்று ராசாங்கம் ஓடி வந்தார்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல." வைரக்கண்ணு இலையை மூடிவிட்டு எழுந்து விறுவிறுவென்று வெளியே போனார். கிருஷ்ணம்மாள் கையைக் கழுவாமலே பின்னால் ஓடினாள்.

மண்டபத்துக்குப் பின்னால், பாத்திரம் கழுவுகிற இடத்தைத் தாண்டி, ஒரு வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டைப் பட்டன்களைக் கழற்றிப்போட்டிருந்தார்.

"இது என்ன எழவுடி இது?" என்றார். "அடிவயித்துல அடுப்பப் பத்த வெச்ச மாரி கெளம்புது. நெஞ்சு, கழுத்து, மூஞ்சின்னு ஏறுது. மண்டை வெடிக்கிற மாரி இருக்கு. அப்புறம் தண்ணியா ஊத்துது. உடனே குளிர் அடிக்குது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை தெரியுமா? செத்துருவேன் போலருக்கு."

முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவள் சட்டென்று சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தும் முடியவில்லை.

"ஏன் சிரிக்கிற? நீயும் சிரிக்கிறியா?"

"அய்யோ, அதுக்கில்லீங்க. எனக்கு இதேதான். அச்சு அசலா இதேதான்."

"உனக்கா?"

"எனக்கு தீட்டு நின்ன வருஷம். பரிமளாவுக்கு மாப்ள பாத்துக்கிட்டிருந்தோமே, அப்ப. அடுப்படியில நிப்பேன், திடீர்னு ஏறும். ரவிக்கையப் பிழிஞ்சா தண்ணி வரும். பொண்ணு பாக்க வந்தவங்க முன்னாடி காப்பித் தட்டோட நிக்கிறேன், ஊத்துது."

அவர் அவளையே பார்த்தார். "சொல்லவே இல்லியே நீ."

"என்னன்னு சொல்றது? அடுப்புச் சூடுடின்னு சொல்லிட்டுப் போயிருப்பீங்க."

அது உண்மை என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"எத்தனை நாளு இருந்துச்சு?"

"ரெண்டு மூணு வருஷம் இருக்கும்."

"எப்புடிடி தாங்குன?"

"தாங்குறதென்ன. வரும், போவும். வர்றப்ப அது கூட மல்லுக்கு நிக்கக் கூடாது. கெணத்தடிக்குப் போயி தலைய நனைச்சுக்குவேன்."

அவர் மரத்தில் சாய்ந்து கீழே உட்கார்ந்தார். அவளும் உட்கார்ந்தாள். உள்ளே மேளம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"இதுவும் வருது. காரணமே இல்ல. அழுவையா வருது."

"அதுவும் வரும்ங்க."

"அப்ப நான் பொம்பளையா ஆயிட்டேன்."

"பொம்பளைன்னா அவ்வளவு கேவலங்களா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை.

"கேவலம்னு சொல்லல..." என்றார். எச்சில் கையோடு உட்கார்ந்திருந்த அவளுடைய மற்றொரு கையை எடுத்துத் தன் ஈரச் சட்டைமேல் வைத்துக்கொண்டார். பாத்திரம் கழுவுகிறவள் பார்த்தாள். அவர் கையை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு சில மாதங்கள் நன்றாக இருந்தன. வேர்வை வந்தால், "ஏய், வந்துடுச்சு" என்று குரல் கொடுப்பார். அவள் ஈரத்துண்டோடு வருவாள். வெயிலில் இரண்டு பேரும் முறத்தால் மாற்றி மாற்றி விசிறிக்கொள்வார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவளைப் பேசவிடாதவர், அவளுக்கு அந்த வருஷங்களில் என்னென்ன செய்தது, பரிமளா பிறக்கும்போது எப்படி இருந்தது என்றெல்லாம் கேட்டார். அவளுக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் சொன்னாள்.

ஆவணியில் வலி திரும்பி வந்தது. இந்த முறை இடுப்போடு விலா, தோள்பட்டை எல்லாம். மறுபடி தஞ்சாவூர். டாக்டர் இருக்கச் சொன்னதால் கிருஷ்ணம்மாளும் அறைக்குள் இருந்தாள். கட்டி இப்போது அந்தச் சத்து இல்லாமலே வளரப் பழகிவிட்டது என்றார் டாக்டர். சிலருக்கு நாலைந்து வருஷம் அடங்கி இருக்கும். சிலருக்குச் சீக்கிரம் மீறிவிடும். ஏன் என்று சொல்ல முடியாது.

"அப்ப, அன்னிக்கு எடுத்தது?" என்று கேட்டார் வைரக்கண்ணு.

"அதனாலதான் இந்த ஒரு வருஷம் நடமாடினீங்க ஐயா" என்றார் டாக்டர்.

வைரக்கண்ணு தலையாட்டினார். அந்தப் பதில் போதுமா போதாதா என்று அவர் முகத்தில் தெரியவில்லை.

தீபாவளிக்குப் பிறகு கால் மரத்துப்போனது. முதலில் செருப்பு நழுவியதே தெரியவில்லை. பிறகு நிற்க முடியவில்லை. முதுகெலும்பை அழுத்துகிறது என்றார்கள். கட்டியைக் கருக்கக் கரண்டு வைத்துப் பார்த்தார்கள், கால் திரும்பவில்லை. படுக்கையில் அவள் துடைத்துவிட்டபோதும் இடுப்பு வேட்டியை மட்டும் விலக்கவிடமாட்டார். வலி மாத்திரை வேலை செய்வதை நிறுத்தியது. இன்னும் பலமான மருந்து ஒன்று எழுதிக் கொடுத்தார்கள். செல்வன் அந்தச் சீட்டோடு அரியலூரிலும் பெரம்பலூரிலும் கடை கடையாக ஏறி இறங்கினான். "இதெல்லாம் போதை மருந்துல சேத்தி, நாங்க விக்கக் கூடாது சார்" என்றார்கள். திருச்சிக்குப் போய்க் கொஞ்சம் வாங்கிவந்தான். அது இருந்தவரை அவர் தூங்கினார். தீர்ந்ததும் மறுபடி போனான், இல்லை என்றார்கள். வெறுங்கையோடு வந்தவன் வீட்டுக்குள் வராமல் வேலியோரம் வண்டியின்மேலேயே உட்கார்ந்திருந்தான். கிருஷ்ணம்மாள் போய்ப் பார்த்தாள்.

"எனக்கு எலக்ட்ரிக் வேலைதான் அத்தை தெரியும்" என்றான். "வேற ஒண்ணும் தெரியல எனக்கு."

"வந்து சாப்புடுங்க மாப்ள" என்றாள். அவளுக்கும் வேறு ஒன்றும் தெரியவில்லை.

வலி ஏறும்போது வைரக்கண்ணு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏதாச்சும் பேசு" என்பார். எதைப் பேசுவது? பக்கத்து வீட்டுச் செங்கமலத்தின் கோழி எத்தனை முட்டை வைத்தது, யார் வீட்டில் நடவு, எந்த பஸ் வரவில்லை. அவள் பேசிக்கொண்டே இருப்பாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பார். சில சமயம் அவள் பேச்சு அவருடைய சத்தத்தில் அமுங்கிப்போகும். அப்போதும் நிறுத்தமாட்டாள், நிறுத்தினால் அந்தச் சத்தத்தை மட்டும் கேட்க வேண்டியிருக்கும்.

"இது எப்ப முடியும் கிருஷ்ணம்மா?" என்று ஒரு நாள் கேட்டார்.

"எனக்கு எப்புடிங்க தெரியும்?" என்று அழுதாள்.

மாசி மாதத்தில் ஒரு காலை. விடிந்ததும் அவர் கொஞ்சம் அமைதியாகப் படுத்திருந்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுக் கொட்டிலுக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவர் போய்விட்டிருந்தார். அத்தனை நாள் பக்கத்திலேயே இருந்துவிட்டு, இந்த ஒரு வாளித் தண்ணீருக்குப் போனேனே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

செங்கமலம் வீட்டு போனிலிருந்து ஆலத்தியூருக்குச் சொன்னார்கள். பரிமளாவும் செல்வனும் வந்தார்கள். உறவெல்லாம் கூடியது. பந்தல் போட்டார்கள். மத்தியானம் ராசாங்கம் நாலைந்து பங்காளிகளோடு உள்ளே வந்தார்.

"தூக்குங்கப்பா, குளிப்பாட்டிடுவோம்."

கிருஷ்ணம்மாள் அதுவரை தலைமாட்டில் சுருண்டு கிடந்தாள். எழுந்து கட்டிலுக்குக் குறுக்கே நின்றாள்.

"வேணாம்ங்க. நான் குளிப்பாட்டுறேன்."

"நீயா? ஆம்பளைப் பொணத்த ஆம்பளைங்கதான் குளிப்பாட்டணும் அண்ணி. வழக்கம் இருக்குல்ல."

"நானும் மாப்ளையும் பாத்துக்குறோம். நீங்க வெளிய இருங்க."

"ஊரு என்ன சொல்லும்?"

"என்னவேணா சொல்லட்டும்."

ராசாங்கம் செல்வனைப் பார்த்தார். செல்வன், "விடுங்க மாமா. உடம்பு ரொம்பப் புண்ணா இருக்கு. அவங்களே பண்ணட்டும்" என்றான். ராசாங்கம் ஏதோ முணுமுணுத்தபடி ஆட்களை அழைத்துக்கொண்டு வெளியேறினார்.

கொல்லையில் இரண்டு புடவையை நான்கு பக்கமும் கட்டினார்கள். செல்வன் தண்ணீர் எடுத்து எடுத்துக் கொடுத்தான், திரும்பிப் பார்க்கவில்லை. அவர் மறைத்து வைத்திருந்த உடம்பை அவள் முதன்முதலாகப் பார்த்தாள். அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு சின்னத் தழும்பு, கொஞ்சம் தொய்ந்த தோல். இதற்கா இத்தனை நாள் தட்டியை இழுத்துக் கட்டினார் என்று நினைத்தாள். எடுத்து உட்காரவைத்தபோது ஒரு கன்றுக்குட்டியின் கனம்கூட இல்லை. முதுகைத் தேய்த்துவிட்டாள். அங்கே எலும்பு எலும்பாக இருந்தது. புது வேட்டியைச் சுற்றி, முடிச்சை இறுக்கிக் கட்டிவிட்டு, "கூப்பிடுங்க மாப்ள" என்றாள்.

பங்காளிகள் வந்து தூக்கினார்கள். கொட்டு முழங்கியது. பெண்கள் தெருமுனை வரைக்கும்தான் போகலாம். பரிமளா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தெருமுனையில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். பாடை கொள்ளிடக் கரைமேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கியது. கிருஷ்ணம்மாள் இன்னும் ஓரடி எடுத்து வைத்தாள்.

"போதும்மா, வா" என்று செங்கமலம் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.